மகனை விமானியாக்கும் முன்

மகனை விமானியாக்க எவ்வளவு முதல் வேண்டும் என்று நமது வர்த்தகர்கள் பலர் என்னிடம் விசாரிக்கின்றனர். கட்டணத்தைக் கேட்பவர்கள், பிள்ளை எந்தப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும் என்று கேட்பதில்லை. காணியை விற்கும் முன் அதனை அறிவது நல்லது.

முதலில் கிடைப்பது வர்த்தக விமானி அனுமதிப்பத்திரம். சர்வதேச விதிப்படி இதற்குப் பொதுவாக 200 மணித்தியாலங்கள் பறந்திருக்க வேண்டும். இத்துடன் மேலும் சில தகுதிகள் பெற்றால் துணை விமானியாகச் சேரலாம். பெரிய பயணிகள் விமானத்தின் கெப்டனாக வேண்டுமானால் இன்னோர் உயர்ந்த அனுமதிப்பத்திரம் தேவை. அதற்கு வயது 21, பறப்பு 1,500 மணித்தியாலங்கள், எழுத்துப் பரீட்சை, கடைசியாகச் செயன்முறைப் பரீட்சை.

இந்தப் பரீட்சையில் நன்றாக ஓட்டிக் காட்டினால் மட்டும் போதாது. விமானத்தின் இயந்திரம், எரிபொருள், எடை, ஓடுபாதை நீளம் பற்றிப் பரீட்சகர் கேள்வி கேட்பார். பிறகு, விமானம் போலவே இயங்கும் பயிற்சிக் கூண்டில் கோளாறுகளை உண்டாக்குவார். ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது ஓர் இயந்திரம் நின்றால், குறித்த வேகத்துக்கு முன் என்றால் நிறுத்த வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் மேலே எழ வேண்டும். யோசிக்க நேரமில்லை. இறங்கும்போது குறித்த உயரத்தில் ஓடுபாதை தெரியாவிட்டால், உடனே மேலே திரும்ப வேண்டும்.

இதற்காக விமானிகள் கைநூலை மனனம் செய்கிறார்கள். விமானி அறையின் படத்தை முன்னால் வைத்து, நாற்காலியில் அமர்ந்தபடியே ஒவ்வொரு சுவிட்சையும் தொட்டுப் பழகுகிறார்கள். துணை விமானியுடன் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்கிறார்கள்.

இத்தனை கண்டிப்பு ஏன் என்பதை நோர்வூட் மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1974 டிசம்பர் 4 இரவு, சுரபாயாவிலிருந்து கொழும்பு வழியாக ஜித்தா செல்லவிருந்த மார்ட்டினெயார் டிசி-8 விமானம் நமது சப்த கன்னி மலையில் மோதியது. இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்கள் 182 பேரும் பணியாளர்கள் 9 பேருமாக 191 பேரும் மரணித்தனர். விமான நிலையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதைத் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியதே காரணம் என விசாரணையில் தெரியவந்தது. ஓடுபாதையோ இன்னும் சுமார் 40 கடல் மைல் தொலைவில் இருந்தது. இருக்குமிடம் நிச்சயமாகத் தெரியாமல் இறங்கக் கூடாது என்பதே இந்தப் பரீட்சையின் சாரம்.

ஆகவே பாடசாலையில் பணம் கட்டும் முன் மூன்றைக் கேளுங்கள். கட்டணத்தில் எத்தனை பறப்பு மணித்தியாலங்கள் அடங்கும்? அனுமதிப்பத்திரம் கிடைத்த பின் பெரிய விமானப் பயிற்சிக்கு யார் செலவு செய்வது? 1,500 மணித்தியாலங்களை எங்கே சேர்ப்பது? பதில் எழுத்தில் வரட்டும். மணித்தியாலங்களைப் பணம் கொடுத்து வாங்கலாம். நிதானத்தைப் பிள்ளைதான் பழக வேண்டும்.

ஹஜ் பயணத்தில் மரணித்த அந்த யாத்திரிகர்களுக்கு அல்லாஹ் சுவனத்தை வழங்குவானாக.