யார் எடுத்த படம்?

ஆறாம் வகுப்பில் 'வரலாறு என்றால் என்ன?' பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கல்வெட்டு, செப்பேடு, நாணயம் எனச் சான்றுகளைக் கரும்பலகையில் எழுதி முடித்ததும் பின்வரிசை மாணவி எழுந்தாள். "ராஜாவுக்குக் கல்வெட்டு இருக்கு டீச்சர். வீட்டு வேலை செஞ்சவங்களுக்கு என்ன இருக்கும்?" பாடநூலை மூடிவிட்டு விவியன் மையரின் கதையைச் சொன்னேன். சொன்னதில் ஒரு தவறும் செய்தேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 2007ஆம் ஆண்டு, வாடகை கட்டாமல் விடப்பட்ட ஒரு சேமிப்பறையின் பொருட்கள் ஏலத்துக்கு வந்தன. தன் வட்டாரத்தின் வரலாற்று நூலுக்குப் பழைய படங்கள் தேடிக்கொண்டிருந்த ஜான் மலூஃப் என்ற இளைஞர், சுமார் 400 டாலர் கொடுத்து ஒரு பெட்டி நெகட்டிவ்களை வாங்கினார். நூலுக்கு அவை உதவவில்லை. ஆனால் தெருவில் நடப்போர், அழும் குழந்தைகள், உறங்கும் முதியவர்கள் என ஒவ்வொரு படமும் அவரை நிறுத்திவைத்தது. எடுத்தவர் யாரென்று தெரியவில்லை. பிலிம் கழுவும் கடையின் உறை ஒன்றில் ஒரு பெயர் கிடைத்தது. 2009 ஏப்ரலில் அந்தப் பெயரை இணையத்தில் தேடியபோது வந்தது ஓர் இரங்கல் அறிவிப்பு. விவியன் மையர் சில நாள்களுக்கு முன்புதான் 83ஆம் வயதில் இறந்திருந்தார்.

அறிவிப்பைக் கொடுத்தவர்கள், சிறுவயதில் அவரிடம் வளர்ந்த சகோதரர்கள். அவர் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பிறர் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் கழித்தவர். எடுத்த படங்களோ ஒரு லட்சத்துக்கும் மேல். அவற்றில் மிகச் சிலவற்றையே அச்சிட்டுப் பார்த்தார். நூற்றுக்கணக்கான சுருள்கள் கழுவப்படாமலே கிடந்தன.

இனி என் தவறு. "அவர் பிரான்சிலிருந்து அமெரிக்கா வந்தவர்" என்று வகுப்பில் சொல்லிவிட்டேன். தொடக்கத்தில் வந்த செய்திகள் அப்படித்தான் எழுதின. அவரை நேரில் அறிந்தவர்களே அப்படித்தான் நம்பினார்கள். அவருடைய பேச்சின் தொனியும் அப்படி இருந்தது. ஆவணங்கள் வேறு சொல்கின்றன. 1926இல் அவர் பிறந்தது நியூயார்க்கில். தாய் பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியைச் சேர்ந்தவர், தந்தை ஆஸ்திரியப் பின்னணி கொண்டவர். குழந்தைப் பருவத்தில் சில ஆண்டுகள் மட்டும் தாயின் ஊரில் வளர்ந்தார். அடுத்த வாரம் அதே வகுப்பில் நின்று, "நான் சொன்னது தப்பு" என்று திருத்தினேன். பிள்ளைகள் கேட்ட ஒரே கேள்வி, "பழகினவங்களுக்கே எப்படித் தெரியாமப் போச்சு?"

நல்ல கேள்விதான். நினைவு ஒரு சான்று, பதிவேடு இன்னொரு சான்று. இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் இடைவெளி தெரியும். 1930ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளில், நான்கு வயது விவியனும் தாயும் ஜான் பெர்த்ரான் என்ற பெண்ணின் வீட்டில் குடியிருந்ததாகப் பதிவாகியிருக்கிறது. அந்தப் பெண் ஒரு புகைப்படக் கலைஞர்! இதை வைத்து, அவர்தான் சிறுமிக்குக் கேமரா கற்றுக்கொடுத்தார் என்று எழுதிவிட ஆசை வரும். தாள் அப்படிச் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இருந்தார்கள், அவ்வளவுதான் சொல்கிறது. இந்த வேறுபாட்டை மாணவர்களுக்குக் காட்ட இதைவிட எளிய எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

நெகட்டிவ்களும் பேசும். 1952 முதல் அவர் பயன்படுத்திய ரோலிஃபிளெக்ஸ் கேமராவை மார்பளவில் பிடித்து, மேலிருந்து குனிந்து பார்த்துப் படமெடுக்க வேண்டும். ஒரு சுருளில் 12 சதுரப் படங்கள். அவற்றை வரிசையாகப் பார்த்தால் எந்தத் தெருவில் தொடங்கி எங்கே திரும்பினார் என்று தெரிகிறது. திரையரங்கு முகப்பில் ஓடும் படத்தின் பெயர் தேதியை நெருங்க உதவுகிறது. கண்ணாடியிலும் நிழலிலும் தன்னையே எடுத்த படங்கள் அவர் வயதைக் காட்டுகின்றன. புகைப்பட ஆசிரியரான பமெலா பானோஸ் இப்படிப் படங்களையும் இடங்களையும் பொருத்தி 2017இல் ஒரு வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். ஆன் மார்க்ஸ் குடும்பத்தின் பழைய பதிவுகளைத் துருவி, விவியனின் அண்ணன் கார்ல் உட்படச் சிதறிப்போன உறவுகளைக் கண்டறிந்து 2021இல் இன்னொன்று எழுதினார். ஏலத்தில் பெட்டிகள் பலர் கைக்குப் பிரிந்து போனதால் வரிசை குலைந்தது. இவர்களின் வேலை அதனால் இரட்டிப்பானது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. வேலைக்குச் சேரும் வீடுகளில் தன் அறைக்குப் பூட்டு வேண்டும் என்று கேட்டவர் அவர். கடைகளில் வேறு பெயர் சொன்னதும் உண்டு. தன் படங்களை உலகம் பார்க்க வேண்டுமென்று அவர் ஏற்பாடு எதுவும் செய்து வைக்கவில்லை. நாம் பார்ப்பது சரியா என்று வகுப்பில் கேட்டேன். பாதிப் பேர் சரி என்றார்கள், பாதிப் பேர் இல்லை என்றார்கள். நான் தீர்ப்புச் சொல்லவில்லை.

பிறகு வீட்டிலிருந்து ஒரு பழைய படம் கொண்டுவரச் சொன்னேன். படத்தின் பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரை உண்டா? யார் நிற்கிறார், யார் உட்கார்ந்திருக்கிறார்? படமெடுத்தவர் எங்கே நின்றிருப்பார்? வீட்டில் இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்டு வரவேண்டும். பதில்கள் மாறினால் இரண்டையும் எழுத வேண்டும். ஒரு மாணவனின் தாத்தாவும் பாட்டியும் கல்யாண ஆண்டை வேறு வேறாகச் சொன்னார்கள். அவன் இரண்டையும் எழுதிவிட்டு, பத்திரிகை கிடைக்குமா என்று பரண் ஏறித் தேடினான்.

அந்தப் பின்வரிசை மாணவி ஒரு படத்தை உறையோடு கொண்டுவந்தாள். அவளுடைய ஆயா இளவயதில் யாருடனோ நிற்கும் படம். மறுநாள் காலை மணியடிக்கும் முன்பே என்னிடம் வந்தாள். "ஆயா இதைப் பத்தி எழுத வேணாம்னு சொல்லிட்டாங்க டீச்சர்." உறையை அப்படியே அவளிடம் கொடுத்தேன். படத்தை நான் அலைபேசியில் எடுத்து வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. அவள் எதிரிலேயே அழித்தேன். வேறு படம் இல்லாததால், படம் இல்லாமலே ஆயாவிடம் பேசி ஒன்றரைப் பக்கம் எழுதி வந்தாள். எந்த வயலில் நடவு நட்டார், எவ்வளவு கூலி, யார் யார் உடன் வந்தார்கள் என்று எல்லாம் இருந்தது.