சித்திரக் கதையில் மெய்ப்பாடு

உள்ளத்தில் தோன்றும் உணர்ச்சி உடலின்வழிப் புலனாவதையே நம் முன்னோர் மெய்ப்பாடு என்றனர். தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் இதற்கென ஓர் இயலையே அமைத்து, மெய்ப்பாடுகள் எட்டு என்றும், அவை ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களிற் பிறக்கும் என்றும் வகுத்துரைத்தார். மேடையில் தோன்றும் நடிகனுக்குக் கண்ணும் புருவமும் இதழும் குரலும் துணைநிற்கின்றன. இவற்றுள் ஒன்றேனும் இல்லாத ஓர் உருவம் தன் உள்ளத்தைப் பிறர்க்குப் புலப்படுத்த இயலுமா? இயலும் என்பதை இக்காலத்து இணையச் சித்திரக் கதை ஒன்று காட்டுகின்றது. அதனைப் பற்றி மாணவ நேயர்களுக்குச் சில சொல்ல விரும்புகின்றேன்.

அமெரிக்கரான ராண்டல் மன்ரோ இயற்பியல் கற்றவர். நாசாவின் ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் சில காலம் பணியாற்றியவர். தம் பழைய குறிப்பேடுகளில் கிறுக்கி வைத்திருந்த படங்களை அவர் 2005-ஆம் ஆண்டில் இணையத்தில் வெளியிடத் தொடங்கினார். அத்தொடருக்கு எக்ஸ்.கே.சி.டி. என்பது பெயர். அதில் வரும் மாந்தர்க்குத் தலை ஒரு வட்டம். உடல் ஒரு கோடு. கைகால்கள் நான்கு கோடுகள். கண் இல்லை, வாய் இல்லை. கூந்தலையும் தொப்பியையும் கொண்டே ஒருவரை மற்றொருவரினின்றும் பிரித்தறிகின்றோம். ஆயினும் அவர்கள் நகைப்பதும், நாணுவதும், துயருறுவதும் நமக்குத் தெளிவாகவே விளங்குகின்றன. இது எவ்வாறு நிகழ்கின்றது?

முதலாவது கருவி, சாய்வு. முதுகாகிய கோடு நேராக நின்றால் அவ்வுருவம் உறுதியோடு பேசுவதாகக் கொள்கின்றோம். தலையாகிய வட்டம் ஒரு நூலிழையளவு முன்னே தாழ்ந்தால், அது சிந்திக்கின்றது, அல்லது சோர்ந்திருக்கின்றது என்று உணர்கின்றோம். இவ்விரண்டனுள் எது என்பதை அவ்வுருவம் தனித்து நின்று சொல்வதில்லை. அருகில் நிற்கும் மற்றோர் உருவமே அதனை முடிவு செய்கின்றது. எதிரே ஒரு புத்தகம் கிடந்தால் அது சிந்தனை. எதிரே ஒருவர் முதுகு காட்டிச் செல்வாராயின் அது துயரம்.

இதனால் இரண்டாவது கருவியின் சிறப்பு விளங்கும். அஃது இடைவெளி. இருவர்க்கிடையே விடப்படும் வெற்றுத் தாளும் பேசுகின்றது. அது குறுகினால் அன்பு, அல்லது சினம். அகன்றால் அச்சம், அல்லது பிணக்கு. குறுகிய இடைவெளியில் இருவரும் ஒரே திசை நோக்கியிருந்தால் நட்பென்றும், ஒருவரையொருவர் எதிர்த்துக் கை நீட்டி நின்றால் பூசலென்றும் அறிகின்றோம். எனவே, சித்திரக் கதையில் உணர்ச்சி ஒருவரிடம் மட்டும் இருப்பதன்று. இருவர்க்கு நடுவே நிற்பது.

மூன்றாவது கருவி காலம். ஒரே நிலையை அடுத்தடுத்த இரண்டு கட்டங்களில் சொல்லின்றி வரைந்தால், இரண்டாம் கட்டம் மௌனமாகின்றது. கேட்ட கேள்விக்கு விடை வரவில்லை என்பதை அந்த அசையாமையே உணர்த்திவிடும்.

இம்மூன்றனையும் மன்ரோ மிகப் பெரிய அளவில் கையாண்டது, 'காலம்' என்று பொருள்படும் தலைப்புடைய படைப்பில். 2013-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் அது தொடங்கிற்று. முதற்படத்தில் இருவர் கடற்கரையில் அமர்ந்திருக்கின்றனர், வேறொன்றும் நிகழவில்லை. அரைமணிக்கு ஒருமுறையும், பின்னர் மணிக்கு ஒருமுறையும் படம் மாறிற்று. அவர்கள் மணற்கோட்டை கட்டினர். கடல் உயர்வதைக் கண்டனர். காரணம் அறியப் புறப்பட்டனர். நான்கு மாதங்களில் 3,099 படங்களாக வளர்ந்து முடிந்த அக்கதை, 2014-இல் ஹியூகோ பரிசு பெற்றது. அடுத்த படத்துக்காகக் காத்திருந்தோர்க்கு, ஓர் உருவம் தலையைத் திருப்புவதே ஒரு நிகழ்ச்சியாயிற்று.

ஆயினும் இக்கலையின் ஆழத்தை உணர்த்துவது அளவிற் சிறியதாகிய வேறொரு படைப்பு. மன்ரோவின் துணைவியார்க்குப் புற்றுநோய் கண்டது. அதன் பின் கழிந்த இரண்டு ஆண்டுகளை 2012-இல் அவர் ஒரு பக்கத்தில் வரைந்தார். 2017-இலும் 2020-இலும் அக்கதையைத் தொடர்ந்தார். பெண்ணுருவம் மருந்து ஏறும் குழாயோடு அமர்ந்திருக்கின்றது. ஆணுருவம் பக்கத்தில் இருக்கின்றது. பெண்ணின் கூந்தல் உதிர்ந்து போகின்றது. எந்த முகத்திலும் ஒரு துளிக் கண்ணீரில்லை. கண்ணீர் வடிக்கக் கண்ணே இல்லை. கூந்தலால் மட்டுமே அறியப்பட்ட ஓர் உருவம் அதனையும் இழந்து நிற்கும்போது, அருகிலிருப்பவன் விலகாமல் இருத்தலே அவன் அன்பின் மெய்ப்பாடாகின்றது. வரையப்படாத முகத்தில் நாம் அறிந்த ஒருவரின் முகத்தை நம் மனமே எழுதிக்கொள்கின்றது. ஓவியர் விட்ட வெற்றிடத்தை வாசகர் நிரப்புகின்றார். அதனாலேயே அத்துயரம் நம் துயரமாகின்றது.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கைகட்டி நிற்பவன் சினங்கொண்டவன் என்று சிலர் அகராதி போல் பொருள் சொல்லிவிடுகின்றனர். அவன் குளிரால் கைகட்டியிருக்கலாம், பணிவாலும் இருக்கலாம், வெறும் பழக்கமாகவும் இருக்கலாம். ஒரு சொல்லின் பொருளை அது வரும் இடம் தெளிவிப்பதைப் போல, ஓர் அசைவின் பொருளை அதற்கு முன்னும் பின்னும் நிகழ்வனவும், எதிரில் நிற்பவரும் தெளிவிக்கின்றனர். முன்கட்டத்தையும் பின்கட்டத்தையும் பாராமல் ஒரு கட்டத்தை மட்டும் கண்டு தீர்ப்பளிப்பவர் கதையைப் படித்தவராகார்.

மாணவர்களே, இன்று நம் உரையாடல்களிற் பெரும்பகுதி கைப்பேசியில் எழுத்தாகவே நிகழ்கின்றது. அங்கே சாய்வில்லை, இடைவெளியில்லை. சொல் மட்டுமே உண்டு. 'ஒன்றுமில்லை' என்று நண்பன் எழுதினால் ஒன்றுமில்லை என்றே கொள்கின்றோம். அதே சொல்லை அவன் தோள் தளர்ந்து, தலை தாழ்ந்து, வழக்கமாக அமரும் இடத்தினின்று சற்று விலகி அமர்ந்து சொல்வானாயின், அதன் பொருள் முற்றிலும் வேறு. ஐந்து கோடுகளும் ஒரு வட்டமும் கொண்ட உருவத்தின் வருத்தத்தை உணரவல்ல நமக்கு, உயிரோடு அருகிலிருப்பவனின் வருத்தம் தெரியாமற் போவது தகுமா? அவன் உள்ளத்தில் இருப்பது இன்னதென்று நாமாகவே முடிவு கட்டிவிடவும் வேண்டா. அருகிற் சென்று அமர்ந்து, என்னவென்று கேட்டால் போதும்.