எல்லை கடந்த ஊரக வளர்ச்சித் திட்டங்களின் மதிப்பீடு

எல்லை கடந்த ஊரக வளர்ச்சித் திட்டங்களின் மதிப்பீடு என்பது, அண்டை நாடுகளின் எல்லையோர ஊர்கள் கூட்டாக மேற்கொள்ளும் பணிகள் எந்த அளவுக்குப் பயன் தந்தன என்பதை முறையாக ஆராய்வதாகும். இத்துறையில் பரவலாக ஆராயப்பட்டது ஐரோப்பிய ஒன்றியத்தின் இன்டர்ரெக் திட்டம் ஆகும். 1990 இல் தொடங்கிய இதன் ஆறாம் கட்டம் 2021 முதல் 2027 வரையான காலத்துக்குரியது. 1991 இல் தொடங்கிய லீடர் என்னும் ஊரக வளர்ச்சித் திட்டமும் பிற நாட்டுக் குழுக்களுடன் கூட்டுப்பணி செய்ய இடமளிக்கிறது.

அளவுகோல்கள்

பொருத்தம், பயனுறுதி, செயற்றிறன், தாக்கம், நிலைத்திருத்தல் ஆகிய ஐந்து அளவுகோல்கள் 1991 இல் பொருளாதாரக் கூட்டுறவு, வளர்ச்சி அமைப்பின் வளர்ச்சி உதவிக் குழுவால் முன்வைக்கப்பட்டன. 2019 இல் இசைவு என்பது ஆறாவதாகச் சேர்க்கப்பட்டது. இவை எல்லா வளர்ச்சித் திட்டங்களுக்கும் பொதுவானவை. எல்லை கடந்த திட்டத்துக்கு மேலும் ஒரு கேள்வி உண்டு: மறுபக்கத்தார் இல்லாமலே இப்பணி நடந்திருக்குமா? இரு நாடுகளும் தத்தம் பக்கத்தில் தனித்தனியே சாலை அமைத்து, ஒரே பெயர்ப்பலகையை நட்டுவிட்டால் அது கூட்டுத் திட்டம் ஆகிவிடாது.

இதனாலேயே இன்டர்ரெக் விதிகளின்படி பங்காளிகள் திட்டத்தை உருவாக்குவதிலும் நிறைவேற்றுவதிலும் இணைந்து செயற்பட வேண்டும்; பணியாளர், நிதி ஆகியவற்றுள் ஒன்றிலேனும் பங்கெடுக்கவும் வேண்டும். ஆயினும், சில திட்டங்களில் ஒத்துழைப்பு நிதி பெறுவதற்கான விண்ணப்பத்துடன் நின்றுவிட்டதை ஐரோப்பியத் தணிக்கை மன்றம் 2021 ஆம் ஆண்டு அறிக்கையில் சுட்டியது.

செர்தான்யா மருத்துவமனை

பிரனீசு மலைத்தொடரில் உள்ள செர்தான்யா பள்ளத்தாக்கு, 1659 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பிரான்சு, எசுப்பானியா என இரண்டாகப் பிரிந்தது. பிரெஞ்சுப் பக்கத்து மக்கள் பெரிய மருத்துவமனைக்கு ஏறத்தாழ 100 கி.மீ. மலைப்பாதையில் பெர்ப்பிஞான் நகருக்குச் செல்ல வேண்டியிருந்தது. 2014 இல் எசுப்பானியப் பக்கத்துப் புச்செர்தாவில் இரு நாடுகளுக்கும் பொதுவான மருத்துவமனை திறக்கப்பட்டது. தனித்தனியே ஒரு மருத்துவமனையை நடத்த எந்தப் பக்கத்திலும் போதிய மக்கள்தொகை இல்லை என்பதால், மேற்கண்ட கேள்விக்கு இது நேரான விடை தருகிறது.

கட்டடம், படுக்கைகள் ஆகியவை வெளியீடுகள். இவற்றை எண்ணுவது எளிது. நோயாளி எவ்வளவு விரைவில் சிகிச்சை பெறுகிறார் என்பதே விளைவு. எண்ணிக்கையில் அகப்படாத சிக்கல்களும் உள. அங்கே பிறக்கும் பிரெஞ்சுக் குழந்தையின் பதிவு, இறந்தவர் உடலை எல்லை கடந்து கொண்டுசெல்லல், இருவேறு காப்பீட்டு முறைகளின் கணக்கு ஆகியவற்றுக்குத் தனித்தனியே வழிகாண வேண்டியிருந்தது. மதிப்பீட்டாளர் பார்க்க வேண்டியது பெரும்பாலும் இங்கேதான்.

இடர்ப்பாடுகள்

ஊரகம் என்பதன் வரையறை நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், இருபக்கத் தரவுகளையும் நேரடியாக ஒப்பிட இயலாது. சிறிய திட்டமொன்றின் பயன் மாவட்ட அளவிலான வருமானப் புள்ளிவிவரத்தில் தென்படுவதும் இல்லை. மேலும், நிதிக்காலம் முடிந்தவுடன் மதிப்பீடும் முடிந்துவிட்டால் நிலைத்திருத்தலைச் சோதிக்க வழியில்லை. சில ஆண்டுகள் கழித்து மீண்டும் சென்று பார்ப்பதற்கு நிதி ஒதுக்கீட்டில் முன்கூட்டியே இடம் வேண்டும்.