டைகருக்கு யார் சோறு வைப்பார்கள்?

கோடை இதழுக்கு வீட்டுச் சுகம், செல்லப்பிராணி, கடற்கரைச் சுற்றுலா மூன்றையும் சேர்த்து மனசுக்கு இதமாக ஒன்று வேண்டும் என்றார்கள். தனித்தனியாக மூன்றும் இதமானவைதான். மே மாதத்தில் ஒரே வீட்டுக்குள் மூன்றும் வந்து சேரும்போதுதான் ஒன்றுக்கொன்று ஆகாது என்பது தெரியும். நாய் வளர்க்கிற வீட்டில் அந்தமான் பேச்சு எழுந்ததுமே கூடத்தின் நடுவில் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும்: "அப்போ டைகர்?"

எந்த ஹோட்டல், எத்தனை மணி விமானம், பாட்டிக்குப் படகுப் பயணம் ஒத்துக்கொள்ளுமா என்பதற்கெல்லாம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு பதில் இருக்கும். டைகர் விஷயத்தில் மட்டும் எல்லோரும் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள். "நான் வேணா வீட்டிலேயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க" என்று அவர் வாயிலிருந்தே வர வேண்டும். பல வீடுகளில் அப்படித்தான் வருகிறது. சுற்றுலாப் படங்களில் அம்மா இல்லாத வீடுகளை விசாரித்துப் பாருங்கள், பாதிக்கு மேல் நாய் வளர்க்கிற வீடாக இருக்கும்.

வாசலில் கிடக்கும் சுகம்

வீட்டில் குளுமையான இடம் எது என்று கட்டின கொத்தனாருக்குக்கூடத் தெரியாது, நாய்க்குத் தெரியும். கத்திரி வெயில் நாளில் பகல் பன்னிரண்டு மணிக்கு அது நான்கு காலையும் பரப்பி, வயிற்றைத் தரையோடு ஒட்டிக் கிடக்கிற இடத்தில் கையை வைத்துப் பாருங்கள், புரியும். நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்கிற வசதி அதற்கு இல்லை. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். அதன் இயல்பான உடல் சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நமக்கென்றால் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுக்கிற சூடு.

அடுக்களையில் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டால் தூக்கம் கலையும். எழுந்து வந்து, முன்னங்கால் இரண்டை மட்டும் நிலைப்படிக்கு உள்ளே வைத்து உட்காரும். அடுக்களைக்குள் வரக் கூடாது என்கிற சட்டம் அதற்குத் தெரியும். இரண்டு கால் மட்டும் வந்தால் வந்ததாகக் கணக்கில்லை என்பது அதன் கட்சி. துருவலில் ஒரு சிட்டிகை கீழே விழும், கை தவறி விழுந்த மாதிரி. மாலையில் தெருமுனையில் எத்தனையோ ஸ்கூட்டர்கள் திரும்பும். அசையாமல் கிடக்கிற காது நம் வீட்டு ஸ்கூட்டருக்கு மட்டும் நிமிரும். அப்பாவுக்கு ஆபீஸில் அன்றைக்கு எவ்வளவு பாட்டு விழுந்திருந்தாலும், வாசலில் ஒரு ஜீவன் தலைகால் புரியாமல் குதித்து வரவேற்கிறது. சம்பளத்தில் சேராத வரவு அது.

இந்தச் சுகங்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு குணம் உண்டு. நேற்று நடந்தது இன்றும் நடக்க வேண்டும். அதே நேரம், அதே தட்டு, அதே ஆள். சுற்றுலாவின் சுகமோ இதற்கு நேர்மாறு. வேறு ஊர், வேறு சாப்பாடு, நினைத்த நேரத்துக்குத் தூக்கம். நமக்கு ஓய்வு தருகிற அதே மாறுதல்தான் நாயைக் குழப்புகிறது. பரணிலிருந்து சூட்கேஸை இறக்கின அன்றைக்கே தட்டில் பாதிச் சோற்றை மிச்சம் வைக்கிற நாய்கள் உண்டு. மடித்துவைத்த துணிமேல் ஏறிப் படுத்துக்கொண்டு இறங்க மறுப்பவையும் உண்டு.

கூடவே கூட்டிப் போகலாமே?

வாயால் சொல்லிவிடலாம். ரயிலில் நாய் நம்மோடு வர வேண்டுமென்றால், முதல் வகுப்பில் இருவர் படுக்கிற கூப்பேயையோ நால்வர் படுக்கிற கேபினையோ முழுதாக நாமே எடுக்க வேண்டும். கூப்பே நமக்கு ஒதுக்கப்பட்டதா என்பது சார்ட் தயாராகும்போதுதான் தெரியும். அதுவரை வயிற்றில் புளி கரையும். இரண்டாம் ஏசி, மூன்றாம் ஏசி, ஸ்லீப்பர், சேர் கார் எதிலும் நாய்க்கு இடமில்லை. மீறி ஏற்றி மாட்டிக்கொண்டால் லக்கேஜ் கட்டணத்தைப்போல ஆறு மடங்கு கட்ட வேண்டும். இன்னொரு வழி, பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து கார்டு பெட்டியில் இருக்கிற நாய்க்கூண்டில் அனுப்புவது. தண்ணீரும் சாப்பாடும் நம் பொறுப்பு. வண்டி நிற்கிற ஸ்டேஷனில் தண்ணீர் பாட்டிலோடு அந்தப் பெட்டிவரை ஓடி, வண்டி கிளம்புவதற்குள் திரும்பி ஓடிவர வேண்டும். மே மாத மத்தியானத்தில் அந்தக் கூண்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்பதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

விமானத்தில், சில நிறுவனங்கள் சின்ன நாயையும் பூனையையும் கூண்டோடு இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்ள விடுகின்றன. எடைக்கு வரம்பு உண்டு. பெரிய நாய் என்றால் சரக்கு அறைக்குத்தான். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களைப் பல நிறுவனங்கள் ஏற்பதே இல்லை, சூட்டில் அவற்றுக்கு மூச்சு முட்டும் என்பதால். நகரத்தில் ஆசைப்பட்டு வாங்கப்படுபவை இந்த மாதிரி நாய்கள்தான். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் பிறந்த மண்ணில், சைபீரியப் பனிக்கு ரோமம் வளர்த்த ஹஸ்கியை மூன்றாவது மாடியில் வைத்து வளர்க்கிறோம். அதற்காக இரவு பகலாக ஓடுகிற ஏசியை, ஊருக்குப் போகும்போது அணைப்பதா வேண்டாமா என்று தனியாக ஒரு விவாதம் நடக்கிறது. ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. நம் பெருமை அந்தத் தபால்தலையோடு நின்றுபோனது.

அந்தமான் என்றால் காரில் பின்சீட்டில் உட்காரவைத்துக்கொள்ளும் பேச்சுக்கே இடமில்லை. சென்னையிலிருந்து கடல்மேல் ஏறக்குறைய 1,370 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், கப்பலில் மூன்று நாள். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரில் இறங்கி, அங்கிருந்து மறுபடி படகேறித்தான் ஹேவ்லாக் என்று நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிற ஸ்வராஜ் தீவுக்குப் போக வேண்டும். டைகர் வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவாகிறது.

கடற்கரையில் கேமரா

ராதாநகர் கடற்கரைக்கு யாரும் சிபாரிசுக் கடிதம் தர வேண்டியதில்லை. 2020-இல் நீலக்கொடிச் சான்று வாங்கிய கடற்கரை அது. மாவு மாதிரி மணல், பின்னால் ஓங்கின மரங்கள், முன்னால் எந்த நீலம் என்று சொல்ல முடியாத நீலம். கடிகாரத்தில் நம்மூர் நேரம்தான், ஆனால் அத்தனை கிழக்கே இருப்பதால் சூரியன் அங்கே முன்னதாக எழுந்து முன்னதாகப் படுத்துவிடும். மாலை ஐந்தரைக்கெல்லாம் கடல் செம்பு நிறமாகிறது. எல்லோரும் செல்போனை உயர்த்துகிறார்கள். சிலர் சூரியனைப் படம் பிடிக்க. சிலர், சென்னை வீட்டு ஹாலில் மாட்டிவிட்டு வந்த கேமராவைப் பார்க்க.

"எழுந்துட்டான் பாரு. கதவுகிட்ட போறான்."

"வாக்கிங் நேரமாச்சுல்ல, அதான்."

சென்னையில் அப்போது வெயில்கூட முழுதாக இறங்கியிருக்காது. சில வருஷம் முன்பு இந்தக் காட்சி நடந்திருக்க முடியாது. அந்தத் தீவுகளில் இணையம் நொண்டியடித்துக்கொண்டிருந்தது. 2020 ஆகஸ்டில் சென்னையையும் அந்தமான் தீவுகளையும் இணைக்கிற, மொத்தம் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடி வடம் பயன்பாட்டுக்கு வந்தது. அந்த வடத்தின் வழியே இன்று நாயின் வால் கடல் தாண்டி வருகிறது. கேமராவில் இருக்கிற ஒலிபெருக்கி வழியாக "டைகர் கண்ணா" என்று கூப்பிடவும் செய்கிறார்கள். நாய் துள்ளி எழுகிறது. குரல் வந்த பெட்டிக்குக் கீழே போய் நிற்கிறது, சோபாவுக்குப் பின்னால் பார்க்கிறது, படுக்கையறைக்கு ஓடித் திரும்பி வருகிறது. கூப்பிட்டவருக்கு ஆறுதல். தேடினதற்கு ஏமாற்றம்தான்.

மே மூன்றாம் வாரத்தை ஒட்டித் தென்மேற்குப் பருவமழை அந்தமானைத்தான் முதலில் தொடும். கடல் பொங்கினால் படகு நிற்கும், திரும்புகிற நாள் தள்ளிப்போகும். எண்ணி ஐந்து நாளைக்குச் சோறு சொல்லிவிட்டு வந்தவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

விடுதி வாசலில்

தென்சென்னையில் நாய் விடுதி ஒன்றின் வாசலில் ஒரு காலைப் பொழுது நின்றால் போதும், பள்ளிக்கூடத்தின் முதல் நாள் தெரியும். ஒரு பையன் லாப்ரடாரின் சங்கிலியோடு தாத்தாவின் பழைய வேட்டியையும் கொண்டுவந்திருந்தான். வீட்டு வாசனை கூட இருந்தால் அழாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சரியான யோசனைதான். அவனுடைய அம்மா நோட்டுத் தாளில் எழுதி எடுத்துவந்ததை விடுதிப் பெண்ணிடம் நீட்டினார். காலை ஏழு மணிக்கு உப்பில்லாத தயிர்சாதம். முட்டையில் மஞ்சள் கரு வேண்டாம். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும், பயப்பட வேண்டாம். விடுதியில் கட்டில் இல்லை. விடுதிப் பெண் அதைச் சொல்லாமல் தாளை வாங்கி மடித்துவைத்துக்கொண்டார்.

கட்டணம் ஒரு நாளைக்குச் சில நூறு ரூபாயில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும். பணம் இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டும். வெறிநாய்த் தடுப்பூசி, நைன் இன் ஒன் ஊசிச் சான்று கேட்காமல் உள்ளே விடுகிற விடுதியில் நம் நாயை விடக் கூடாது. நம்மிடம் கேட்காதவர்கள் பக்கத்துக் கூண்டு நாயின் சொந்தக்காரரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஊசி போட்ட மறுநாளே பலன் கிடைத்துவிடாது, இரண்டு வாரமாவது முன்னால் போட்டிருக்க வேண்டும். இரவில் ஆள் தங்குகிறாரா, மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு என்பதையும் கேளுங்கள். எல்லாவற்றையும்விட உண்ணி. விடுதியில் ஏறுகிற உண்ணி அங்கேயே காட்டிக்கொடுக்காது. உண்ணிக் காய்ச்சல் வெளியே தெரிய ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். நாம் அந்தமான் படங்களை ஆல்பம் போட்டு முடித்திருப்போம், நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்திருக்கும். விடுதியையும் காய்ச்சலையும் முடிச்சுப்போட யாருக்கும் தோன்றாது.

"ரெண்டாம் நாளே பழகிடும் சார், கூட்டாளிங்களோட நல்லா விளையாடும்" என்கிறார்கள் விடுதி நடத்துபவர்கள். பொறுப்பாக நடத்துகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

எதிர்வீடு எங்கே போனது?

என் கவலை விடுதியைப் பற்றியதல்ல. இத்தனை விடுதிகளுக்கு எப்படித் தேவை வந்தது என்பதுதான் உறுத்துகிறது. ஊருக்குப் போகும்போது சாவியை எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போன காலம் ஒன்றும் கல்வெட்டுக் காலமல்ல. நாய்க்குச் சோறு, துளசிக்குத் தண்ணீர், பால்காரருக்குத் தகவல் எல்லாம் அந்தச் சாவியோடு போய்ச் சேரும். நாய்க்கு இடமும் மாறாது, தட்டும் மாறாது, தெரிந்த குரலும் இருக்கும். நாம் திரும்பி வரும்போது அக்காவுக்கு ஒரு பொட்டலம் கருப்பட்டியோ பனங்கற்கண்டோ வாங்கி வருவோம். அடுத்த மாதம் அவர் சாவி நம்மிடம்.

இப்போது நாலு பிளாக், நூறு வீடு, வாசலில் கைரேகைப் பூட்டு. எதிர்வீட்டுக்காரரின் பெயர் தெரியாது, கதவு எண் தெரியும். பேச்சு நடக்கிற ஒரே இடம் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழு. அங்கே பேச்சே நாயைப் பற்றித்தான்: லிஃப்டில் ஏற்றாதீர்கள், பார்க்கில் விடாதீர்கள், ராத்திரி குரைக்கிறது. இப்படி மூன்று மாதம் மல்லுக்கு நின்றவரின் கதவைத் தட்டி, "ஐந்து நாளைக்கு டைகரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எந்த முகத்தோடு கேட்பது?

பூனையும் மீனும் வளர்ப்பவர்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். பூனைக்கு ஆளைவிட வீடு முக்கியம், அதை வீட்டிலேயே விட்டுப் போகலாம். ஆனால் இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் அதன் ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். தினமும் ஒருவர் வந்து தட்டைப் பார்த்தாக வேண்டும். மீன் தொட்டியில் ஆபத்து வேறு மாதிரி. பாவமென்று அள்ளிப் போடுகிற கையால் தண்ணீர் கெட்டு மீன் சாகும். நாளுக்கு ஒன்றாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். எதை வளர்த்தாலும் சாவி வாங்கிக்கொள்ள ஒரு கை தேவைப்படுகிறது.

அந்தக் கை கிடைக்காதவர்களில் சிலர் என்ன செய்கிறார்கள் என்பதைக் கழுத்தில் பட்டையோடு தெருவில் அலைகிற லாப்ரடார்கள் சொல்லும். தெருநாய்களிடம் கடிபட்டு, குப்பையில் தின்னத் தெரியாமல், கார் நிற்கிற இடமெல்லாம் போய்ப் பின்கதவைப் பார்க்கும். பசியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறை என்றால் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்வரை. ஒரு வேளை டிபன்கூட வராத தொகை. இந்தச் சட்டத்துக்குப் பயந்து யாரும் நாயை வீட்டில் வைத்துக்கொள்ளப் போவதில்லை.

ஆகவே நாய்க்குட்டி வாங்கப் போகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. என்ன ஜாதி, என்ன விலை, என்ன பெயர் என்பதெல்லாம் இருக்கட்டும். ஐந்து நாள் நீங்கள் ஊரில் இல்லையென்றால் அதற்கு யார் சோறு வைப்பார்கள்? ஒரு பெயர் சொல்ல முடியாவிட்டால் குட்டியை வாங்காதீர்கள். ஏற்கெனவே வளர்க்கிறவர்கள் எதிர்வீட்டுக் கதவை ஒரு தேவையும் இல்லாத நாளில் தட்டுங்கள். அவர்கள் ஊருக்குப் போகும்போது தொட்டிச் செடிக்கு நீங்கள் தண்ணீர் ஊற்றுங்கள். அங்கே இருக்கிற பெரியவருக்கு மாத்திரை வாங்கிக் கொடுங்கள். நாயை அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் தடவிக் கொடுக்கட்டும், சோறு வைக்கட்டும். அதுவும் அந்த வாசனையைப் பழகட்டும். விடுதியில் இடம் ஒரு போன் செய்தால் கிடைத்துவிடும். சாவியைக் கொடுக்கிற அளவுக்கு ஒரு வீட்டோடு பழக ஒரு வருஷமாவது பிடிக்கும். அடுத்த மே மாதத்துக்கு இப்போதே ஆரம்பித்தால்தான் சரியாக இருக்கும்.