ஆழியாற்றங்கரையின் ராவி: கவிஞர் சிற்பியும் சிறு பதிப்பும்

கவிஞர்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவர்கள் இயற்றிய கவிதைகளைப் பற்றியே எழுதுகின்றனர். அக்கவிதைகள் எவ்வழியாக நம் கைக்கு வந்து சேர்ந்தன, அவற்றைப் படியெடுத்தவர் யார், அச்சிட்டவர் யார், அதற்குப் பொருள் செலவிட்டவர் யார் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுகின்றன. இவ்வினாக்களை முன்னிறுத்திக் கொங்குநாட்டுக் கவிஞர் ஒருவரின் வாழ்வையும் பணியையும் இக்கட்டுரையில் நோக்க விழைகிறோம்.

பொள்ளாச்சியை அடுத்த அம்பராம்பாளையத்தில் ஆழியாற்றங்கரையிலுள்ள தர்காவுக்குச் சென்று வந்தவர்கள் அவ்வட்டாரத்தை நன்கு அறிவார்கள். ஆனைமலைத் தொடரின் அடிவாரம். தென்னையும் நெல்லும் செழித்த பூமி. அவ்வட்டாரத்து ஆத்துப் பொள்ளாச்சி என்னும் சிற்றூரில் 1936ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் பிறந்தவர் சிற்பி பாலசுப்பிரமணியம். கவிஞராகவும் தமிழ்ப் பேராசிரியராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் அவரை நாடு அறியும். 2022ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பெற்றது. ஆனால் அவர் இதழ் நடத்தியவர், சிறிய ஊரிலிருந்து நூல்களை வெளியிட்டவர் என்னும் செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர் முஸ்லிம் அல்லர். எனினும் அவர் செய்த இப்பணியைப் புரிந்துகொள்வதற்கு நம் அரபு இலக்கிய மரபு தரும் விளக்கம் மிகப் பொருத்தமானது. அவர் பணியிலிருந்து நம் சமுதாயம் பெற வேண்டிய படிப்பினையும் உண்டு.

ராவியும் வர்ராக்கும்

இஸ்லாத்திற்கு முற்பட்ட அரபுக் கவிதை பெரும்பாலும் மனனத்திலேயே வாழ்ந்தது. ஒவ்வொரு பெருங்கவிஞருக்கும் ஒரு 'ராவி' இருந்தார். கவிஞரின் பாடல்களை மனத்தில் ஏற்றி, கோத்திரங்கள் கூடும் இடங்களில் ஓதிப் பரப்புவது அவர் கடமை. ராவி என்றால் வெறுமனே ஒப்பிப்பவர் என்று எண்ணிவிடலாகாது. அவரே பின்னாளில் கவிஞராக மலர்வதும் உண்டு. அவ்ஸ் இப்னு ஹஜரின் ராவியாக இருந்தவர் ஸுஹைர் இப்னு அபீ ஸுல்மா. ஸுஹைரின் பாடல்களை ஏந்தி நின்றவர்கள் அவர் மகன் கஅப் அவர்களும் அல்ஹுதைஆவும் ஆவர். அந்த கஅப் (ரலி) அவர்களே பெருமானார் (ஸல்) அவர்களின் திருமுன் கவிதை பாடிப் போர்வையைப் பரிசாகப் பெற்றவர். பிறர் கவிதையைச் சுமந்து பழகிய நாவிலிருந்தே அப்புகழ்க் கவிதை பிறந்தது.

பின்னர் பக்தாதில் காகிதம் பெருகியபோது 'வர்ராக்' என்னும் தொழிலர் தோன்றினர். காகிதம் விற்பது, நூல்களைப் படியெடுப்பது, சரிபார்ப்பது, விற்பது ஆகிய அனைத்தும் அவர்கள் கையில் இருந்தன. இன்றைய பதிப்பாளரின் முன்னோர் அவர்களே. ஹிஜ்ரி 377இல் 'அல்ஃபிஹ்ரிஸ்த்' என்னும் மாபெரும் நூற்பட்டியலை உருவாக்கிய இப்னுந் நதீம் ஒரு வர்ராக். அவர் பெயர் குறித்து வைத்த நூல்களில் பல இன்று நம்மிடம் இல்லை. அவை இருந்தன என்பதையே அவர் பட்டியலால்தான் அறிகிறோம்.

கவிஞரே பிறர் கவிதைகளைத் தொகுத்துக் காத்த சான்றும் உண்டு. அப்பாஸியர் காலப் பெருங்கவிஞர் அபூ தம்மாம் பயண வழியில் பனிப்பொழிவால் ஹமதானில் தங்க நேர்ந்தபோது, அங்கிருந்த நூலகத்தைப் பயன்படுத்தி 'ஹமாஸா' தொகுப்பை உருவாக்கினார் என்பர். அவருடைய சொந்தக் கவிதைகளைக் காட்டிலும் இத்தொகுப்பே பெரிது என்று கூறியவர்களும் உளர்.

தமிழ் முஸ்லிம்களிடத்தும் இப்பணி நிகழ்ந்தது. உமறுப் புலவரின் சீறாப்புராணம் நெடுங்காலம் ஏட்டுச் சுவடிகளிலேயே இருந்தது. அதனை 1842ஆம் ஆண்டு முதன்முதலாக அச்சேற்றியவர் காயல்பட்டினத்துச் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம். 'புலவர் நாயகம்' எனப் போற்றப்பட்ட அவர் தாமே காப்பியங்கள் இயற்றிய கவிஞர். தம் காப்பியங்களோடு நின்றுவிடாமல், தமக்கு முன் வாழ்ந்த கவிஞரின் காப்பியத்தையும் அவர் உலகுக்குத் தந்தார். ராவியின் பணி, வர்ராக்கின் பணி, கவிஞரின் பணி ஆகிய மூன்றும் ஒருவரிடத்தில் கூடிய வடிவம் இது. இருபதாம் நூற்றாண்டில் இதே கூட்டுப்பணியைக் கொங்குநாட்டில் காண்கிறோம்.

விலையில்லாக் கவிமடல்

சிற்பியின் பள்ளிக் கல்வி கேரளத்தில் மலையாள வழியில் நடந்தது. எல்லையோர மண்ணில் பிறந்தவருக்கு இஃது இயல்பாக வாய்த்தது. பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்று, 1958 முதல் 1989 வரை பொள்ளாச்சி நல்லமுத்துக் கவுண்டர் மகாலிங்கம் கல்லூரியிலும், அதன்பின் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் ஆசிரியப் பணி செய்தார். 1963இல் வெளிவந்த அவருடைய முதல் தொகுப்பு 'நிலவுப்பூ'. அதில் மரபுக் கவிஞராகவே அறிமுகமான அவர், எழுபதுகளில் புதுக்கவிதையின் பக்கம் வந்தார். அம்மாற்றத்தின் களமாக அமைந்தது கோவையில் தோன்றிய வானம்பாடி இயக்கம்.

1971ஆம் ஆண்டு அக்டோபரில் 'வானம்பாடி' முதல் இதழ் வெளிவந்தது. அதனை 'விலையிலாக் கவிமடல்' என்று அழைத்தனர். புவியரசு, ஞானி, முல்லை ஆதவன், அக்கினிபுத்திரன், கங்கைகொண்டான், சக்திக்கனல், மு. மேத்தா, சிற்பி முதலியோர் அவ்வட்டத்தினர். இவர்களில் ஆசிரியத் தொழில் செய்தோர் பலர். இதழின் ஆசிரியர் பொறுப்பு பின்னாளில் சிற்பியிடம் வந்தது. 1973இல் 'வெளிச்சங்கள்' என்னும் தொகுப்பு நூலையும் இவ்வியக்கம் தந்தது.

'விலையிலா' என்னும் சொல்லைச் சற்றே ஆராய்தல் தகும். அக்காலத்தில் அச்சு என்பது ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோக்கும் வேலை. அச்சுக்கோப்பவர் கூலி, காகித விலை, பாரம் பாரமாக அச்சிடும் செலவு, மெய்ப்புத் திருத்தம், தபால் செலவு ஆகிய அனைத்தையும் யாரேனும் ஏற்றாக வேண்டும். விலை வாங்காத இதழில் அச்சுமை முழுவதும் அதனை நடத்துவோர்மீதே விழும். விளம்பரம் தருவோரையும் சந்தா செலுத்துவோரையும் நிறைவு செய்ய வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. ஆனால் நடத்துவோரின் கையிருப்பும் உற்சாகமும் குன்றினால் அவ்விதழ் நின்றுவிடும். வானம்பாடிக்குள்ளும் கருத்து வேறுபாடுகள் எழுந்தன; பிரிவுகள் நேர்ந்தன; இதழும் நீண்டநாள் ஒரே சீராக வரவில்லை. சிறு பதிப்பின் வலிமையும் நலிவும் ஒரே இடத்திலிருந்து பிறப்பவை.

அரண்மனைகளை நம்பி வாழ்ந்த அரபுக் கவிஞர்கள் கலீஃபாக்களின் மனநிலைக்கேற்பப் பாடவேண்டியிருந்ததை நாம் அறிவோம். வள்ளல்களை நம்பிய தமிழ்ப் புலவர்க்கும் அந்நிலை இருந்தது. அச்சியந்திரம் வந்தபின் வள்ளலின் இடத்தைச் சந்தை பிடித்துக்கொண்டது. இவ்விரண்டுக்கும் அப்பால் கவிஞர்கள் தாமே கூடித் தம் பொருளில் வெளியிடும் முறையே மூன்றாவது வழி. அவ்வழியைப் புதுக்கவிதைக்கு ஓர் இயக்கமாக ஆக்கிக் காட்டியதில் கோவைக்குப் பெரும்பங்கு உண்டு.

பொள்ளாச்சியிலிருந்து புத்தகம்

தமிழில் புத்தகம் என்றால் சென்னை என்று ஆகிவிட்ட சூழலில், சிற்பியின் நூல்கள் பல 'கோலம் வெளியீடு' என்னும் பெயரில் பொள்ளாச்சியிலிருந்தே வெளிவந்தன. கவிதை நூல் விற்பனையில் கரையேறுவது கடினம் என்பதைப் பதிப்புத் தொழில் அறிந்தோர் உணர்வர். நூலகத்துறையின் ஆணை கிடைத்தால் செலவு கைக்கு வரும். இல்லையேல் கட்டுகள் வீட்டுப் பரணில் தங்கும். இவ்வாறிருந்தும் ஓர் ஆசிரியர் தம் ஊரை விட்டகலாமல் நூல் வெளியிடும்போது, அவ்வூரின் மாணவர்களுக்கு எழுத்தும் அச்சும் எட்டாத் தொலைவில் இல்லை என்னும் நம்பிக்கை பிறக்கிறது. இது கணக்கேட்டில் ஏறாத ஆதாயம்.

அவருடைய 'ஒரு கிராமத்து நதி' என்னும் தொகுப்பு 2002ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. பிறந்த ஊரும் ஆறும் அங்கு வாழ்ந்த எளிய மனிதர்களும் அதன் பொருள். பழைய அரபுக் கஸீதாக்கள், விட்டுச்சென்ற இருப்பிடத்தின் சுவடுகளின்முன் நின்று நினைவுகூர்வதில் தொடங்கும். அப்பகுதியை 'அத்லால்' என்பர். அந்நூலைக் கற்கும் அரபு மாணவருக்கு அத்லால் மரபு நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. கூடாரம் பெயர்ந்த பாலைக்குப் பதில் இங்கே மாறிப்போன ஆற்றங்கரை இருக்கிறது.

மொழிபெயர்ப்பும் அவருக்கு ராவியின் பணியே. லலிதாம்பிகா அந்தர்ஜனத்தின் 'அக்னிசாட்சி' நாவலைத் தமிழாக்கி, மொழிபெயர்ப்புக்கான சாகித்திய அகாதெமி பரிசையும் பெற்றார். ஓ.என்.வி. குறுப்பு, சச்சிதானந்தன் ஆகிய மலையாளக் கவிஞர்களைத் தமிழுக்குக் கொணர்ந்தார். தம் பெயரால் அமைந்த அறக்கட்டளை வழியே ஏனைய கவிஞர்களுக்கு ஆண்டுதோறும் பரிசு வழங்கும் வழக்கத்தையும் ஏற்படுத்தினார். தம் கவிதையோடு நில்லாமல் பிறர் கவிதைக்கும் இடம் தேடுவது அவர் வாழ்வில் தொடர்ந்து காணப்படும் இயல்பு.

இப்பணியில் அவர் தனித்தவர் அல்லர். சிவகங்கையில் கல்லூரி ஆசிரியராக இருந்த கவிஞர் மீரா (1938–2002) 'அன்னம்' பதிப்பகத்தை நிறுவி, இளங்கவிஞர் பலரின் நூல்களை அழகிய வடிவில் வெளியிட்டார். கி. ராஜநாராயணனின் எழுத்துகளை வாசகரிடம் சேர்த்ததிலும் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. தம் கவிதைக்குச் செலவிட்டிருக்கக்கூடிய காலத்தை அவர் பிறர் நூலின் மெய்ப்புக்குச் செலவிட்டார் என்றால் அது மிகையன்று.

நம் கவிஞர்களும் இம்மரபும்

வானம்பாடி வட்டத்தில் மலர்ந்த மு. மேத்தா பெரியகுளத்தில் பிறந்து கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். 1974இல் வெளிவந்த அவருடைய 'கண்ணீர்ப் பூக்கள்' புதுக்கவிதையை மாணவர்களின் கைகளில் சேர்த்தது. அவரே பின்னாளில் பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்வை 'நாயகம் ஒரு காவியம்' எனப் புதுக்கவிதையில் பாடினார். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் பணியாற்றிய கவிக்கோ அப்துல் ரகுமான் (1937–2017) அதே 1974இல் 'பால்வீதி'யைத் தந்தார். உமறு விருத்தத்தில் பாடியதைத் தம் காலத்து வடிவில் பாடும் துணிவு நம் கவிஞர்க்கு வாய்த்ததில் இச்சிறு இதழ்களின் பங்கை மறுத்தல் இயலாது.

வானம்பாடிகளின்மீது குறைகூறியோரும் உளர். முழக்கம் மிகுந்தது, நுட்பம் குறைந்தது, சொற்கள் அலங்காரமாயின என்னும் விமரிசனம் அக்காலத்திலேயே எழுந்தது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. திருக்குர்ஆனின் 'அஷ்ஷுஅரா' அத்தியாயம், சொல்வதைச் செய்யாத கவிஞர்களைக் கண்டித்து, நம்பிக்கையும் நற்செயலும் உடையோரை விலக்களித்துக் கூறுவதை நாம் ஓதுகிறோம். அவ்வளவுகோல் கொண்டு நோக்கின், மானுடத்தைப் பாடுவோம் என்று கூறியவர்கள் தம் கவிதைக்கு விலை வாங்காமல் வழங்கினர் என்பது கவனிக்கத்தக்கது. கவிதையின் தரத்தைப் பற்றி வாதிடலாம். சொல்லோடு செயலும் இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி நம்மை நாமே வினவிக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. அரபுக் கல்லூரிகளில் முஅல்லகாத் பாடல்களை நம் மாணவர்கள் மனனம் செய்கின்றனர். அவற்றைக் காத்துத் தந்த ராவிகளின் பெயர்களும் அவர்களுக்குப் பாடம். ஆனால் தம் சொந்த ஊரில் பைத்தும் கப்பலும் கண்ணியும் முனாஜாத்தும் பாடிச் சென்ற புலவரின் பெயரை அவர்களில் எத்தனை பேர் கூறுவர்? அரபுத் தமிழில் எழுதப்பட்ட கிதாபுகள் பழைய வீடுகளின் அலமாரிகளில் பொடிந்துகொண்டிருக்கின்றன. அவ்வெழுத்தை ஓதத் தெரிந்த முதியோர் ஒருவர் மறையும்போது, அவர் ஊரின் ஏடுகளைப் படித்துக் காட்டவும் ஆளில்லாமற் போகிறது.

இன்று ஈய எழுத்து இல்லை. கணினியில் கோத்து, ஐம்பதோ நூறோ படிகள் மட்டும் அச்சிட்டுக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. செலவு முன்போல் அச்சுறுத்துவதன்று. வேண்டுவது மூலத்தைத் தேடி எடுப்பவரும், அதனைப் பிழையறப் படிப்பவரும், ஒப்பிட்டுத் திருத்துபவருமே. அரபும் தமிழும் அறிந்த ஆலிம்களைக் காட்டிலும் இதற்குத் தகுதியுடையோர் யார்? ஓர் ஊர் ஜமாஅத் ஆண்டுக்கு ஒரு சிறு நூலுக்குப் பொறுப்பேற்றாலும், பத்தாண்டுகளில் அவ்வூரின் இலக்கியம் ஓரளவு காப்பாற்றப்பட்டுவிடும்.

மனிதன் மறைந்தபின்னும் தொடரும் நன்மைகளுள் பயன்தரும் கல்வியையும் பெருமானார் (ஸல்) அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். நூலை எழுதியவர்க்கு மட்டுமன்றி, அதனை அடுத்த தலைமுறையின் கையில் சேர்ப்பவர்க்கும் அந்நன்மையில் பங்குண்டு என நாம் நம்புகிறோம். காயல்பட்டினத்து ஆலிம் அதனை 1842இல் செய்து காட்டினார். ஆழியாற்றங்கரைக் கவிஞர் தம் காலத்தில் தம் வழியில் செய்தார். நம் ஊர்களின் அலமாரிகளைத் திறந்து பார்க்கும் கடமை நமக்கு எஞ்சியிருக்கிறது.