இடதுசாரி வெற்றியும் லயத்து மக்களின் வாக்கும்

ஆளும் குடும்பங்கள் எதனோடும் உறவோ சம்பந்தமோ இல்லாத ஓர் இடதுசாரி, ஒரு தேசம் முழுவதும் வாக்களிக்கும் தேர்தலிலே வெற்றி பெறுதல் சாத்தியமா என்ற கேள்வி, இந்நாட்டில் வெகுகாலம் விவாத மேடைகளுக்கும் தேநீர்க் கடைப் பேச்சுக்கும் மட்டுமே உரியதாக இருந்து வந்தது. 2024 செப்டம்பர் 21 ஆம் திகதி நடந்த தேர்தலில் அதற்கு விடை கிடைத்தது. நில அளவைத் திணைக்களத்தின் கீழ்நிலை ஊழியர் ஒருவரின் மகனாகப் பிறந்து, தம்புத்தேகமைப் பாடசாலையில் கற்று, களனிப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, மாணவப் பருவத்திலேயே மக்கள் விடுதலை முன்னணியில் சேர்ந்த அனுர குமார திசாநாயக்க, இலங்கைச் சோசலிசக் குடியரசின் ஜனாதிபதியாகத் தெரிவு செய்யப்பட்டார். அவர் பிறந்த கலேவெலை மாத்தளை மாவட்டத்தைச் சேர்ந்தது. தம்புள்ளை, லக்கலை, மாத்தளை, இரத்தோட்டை என்னும் நான்கு தேர்தல் தொகுதிகளைக் கொண்ட அம்மாவட்டம், தன்னிடத்தே பிறந்தவருக்கே அன்று மிகுதியான வாக்குகளை அளித்தது.

எனினும் விடை கிடைத்துவிட்டது என்று அமைதியடைதல் எளிது. அவ்விடை எவ்வழியாக வந்தது, யாருடைய கைகளால் எழுதப்பட்டது என்று ஆராய்வதே பயனுள்ளது. மிளகும் கராம்பும் ஏலமும் விளையும் கிராமத்துத் தோட்டங்கள் ஒருபுறமும், அவற்றுக்கு மேலே தேயிலை மலைகளும் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லயங்களும் மறுபுறமுமாக அமைந்த இரத்தோட்டையிலிருந்து இவ்வாராய்ச்சியைத் தொடங்குவதற்கு விசேஷமான நியாயம் உண்டு. தோட்டத்து ஜனங்கள் ‘நாட்டுப்பக்கம்’ என்று சொல்லும் சிங்களக் கிராமமும், அவர்கள் வாழும் லயமும், இரண்டும் கூடிக் கொடுக்கல் வாங்கல் செய்யும் கடைவீதியும் ஒரே தொகுதிக்குள் அடங்கியிருக்கும் இவ்விடத்தில், இந்நாட்டு இடதுசாரிகளின் சரித்திரம் முழுவதையும், அதன் பெருமையோடும் குறையோடும், ஒரு சேரக் காணலாம்.

ஐந்தாண்டுகளில் நிகழ்ந்த மாற்றம்

2019 ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலிலே இதே திசாநாயக்க பெற்ற வாக்குகள் 4,18,553. அதாவது நூற்றுக்கு 3.16. அடுத்த ஆண்டுப் பொதுத் தேர்தலிலே அவர் தலைமையிலான தேசிய மக்கள் சக்தி பெற்ற ஆசனங்கள் மூன்றே மூன்று. ஐந்தாண்டுகளுக்குப் பின்னர் அவர் பெற்ற முதல் விருப்பு வாக்குகள் 56,34,915, நூற்றுக்கு 42.31. இந்த இடைவெளியில் மார்க்சியச் சித்தாந்தத்தைக் கற்றுத் தெளிந்து ஐம்பது இலட்சம் பேர் மனம் மாறினார்கள் என்று எவரும் சொல்லத் துணியார். மாறியது நாட்டின் நிலை. 2021 இல் இரசாயன உரத்துக்கு ஒரே இரவில் விதிக்கப்பட்ட தடையினால் நெல்வயலும் தேயிலை மலையும் ஒருங்கே வாடின. 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி அரசாங்கம் தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்த இயலாதென்று அறிவித்தது. மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் ஜனங்கள் பகலிரவாக வரிசையில் நின்றார்கள். அவ்வாண்டு ஜூலை மாதத்தில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி துறந்தார். அனுபவசாலிகள் என்று நம்பப்பட்டவர்களே நாட்டை வங்குரோத்து நிலைக்குக் கொண்டுவந்ததைக் கண்ணாரக் கண்ட பின்னர், அனுபவமில்லாதவர் என்ற குற்றச்சாட்டு ஒரு வேட்பாளருக்கு எதிராக எடுபடவில்லை.

உண்மையில் திசாநாயக்க 2000 ஆம் ஆண்டு முதல் பாராளுமன்ற அரசியலை அறிந்தவர். 2004 இல் சிறிது காலம் விவசாய அமைச்சராகவும் இருந்தவர். ஆயினும் அவரை வெளியார் என்று சொல்வதில் பொருள் உண்டு. அவருக்கு அடுத்தபடியாக வந்த மூவரில் சஜித் பிரேமதாச ஒரு ஜனாதிபதியின் மகன். ரணில் விக்கிரமசிங்க ஒரு ஜனாதிபதியின் மருமகன் முறையினர். நாமல் ராஜபக்ஷ ஒரு ஜனாதிபதியின் மகனும் மற்றொருவரின் சகோதரர் மகனும் ஆவார். நாட்டின் தலைமை சில வீடுகளின் பிதிரார்ஜிதம்போலக் கைமாறி வந்ததைச் சலிப்போடு பார்த்திருந்த ஜனங்களுக்கு, அந்த வீடுகளைச் சேராதவர் என்பதே போதிய தகுதியாயிற்று.

இதற்கு மேலும் ஒரு காரணத்தை மறைத்தல் தகாது. பழைய ஐக்கிய தேசியக் கட்சியின் வாக்குகள் சஜித்துக்கும் ரணிலுக்குமாகப் பிளவுபட்டன; இருவரும் பெற்றவற்றைக் கூட்டினால் நூற்றுக்கு ஐம்பதைச் சற்றே தாண்டும். எவரும் பாதிக்கு மேல் பெறாதபடியால், இலங்கைச் சரித்திரத்தில் முதன்முறையாக இரண்டாம் மூன்றாம் விருப்புகளை எண்ண நேர்ந்தது. வேட்பாளர்களின் பெயர்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருந்த அந்த நீண்ட வாக்குச்சீட்டிலே, விரும்பியவருக்கு 1 என்றும் அவருக்கு அடுத்தவர்களுக்கு 2, 3 என்றும் இலக்கமிட வாக்காளருக்கு உரிமை உண்டு. நீக்கப்பட்ட வேட்பாளர்களுக்கு முதல் விருப்பளித்திருந்தோர் முப்பத்துமூன்று இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள். ஆனால் அவர்களிடமிருந்து அனுரவுக்கு 1,05,264 வாக்குகளும் சஜித்துக்கு 1,67,867 வாக்குகளுமே வந்து சேர்ந்தன. எஞ்சியோரில் மிகப் பெரும்பாலோர் ஒரே அடையாளத்தோடு சீட்டை மடித்துப் பெட்டியிலிட்டவர்கள். சட்டம் கொடுத்த உரிமையைப் பயன்படுத்தும் பழக்கம் ஜனங்களிடையே வேரூன்றியிருந்தால் போட்டி இன்னும் நெருங்கியிருக்கக்கூடும். 1970 இல் சிலி நாட்டில் சால்வடோர் அயெந்தே நூற்றுக்கு 36.6 வாக்குகளோடு ஜனாதிபதியானதும், எதிரணி இரு வேட்பாளர்களிடையே பிரிந்து நின்ற சந்தர்ப்பத்திலேதான். இடதுசாரி வெளியாருக்குக் கதவு திறப்பது, உள்ளே இருப்பவர்கள் தம்முள் சண்டையிட்டு வீட்டைப் பாழாக்கிய வேளையிலேயே என்பது இவ்விரு உதாரணங்களாலும் விளங்கும்.

அடித்தளம் பறிக்கப்பட்ட கதை

அப்படியானால், 1935 ஆம் ஆண்டிலேயே லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்த இந்நாட்டு இடதுசாரிகள், தேசத்தின் தலைமையை அடைய ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது ஏன்? இவ்வினாவுக்கு விடை கொழும்பில் இல்லை. தேயிலைத் தோட்டங்களில் இருக்கிறது.

1940 ஜனவரியிலே ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது பொலிஸார் சுட்டபோது, கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். அப்போராட்டத்தின் பின்னே நின்றவர்கள் சமசமாஜிகள். அதன்பின் வந்த 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் தோட்டத் தொழிலாளரின் பிரதிநிதிகள் எழுவர் பாராளுமன்றம் சென்றார்கள். அவர்கள் நிற்காத பல தொகுதிகளில் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களுக்கே கிடைத்தன. துரைமாரின் பங்களாவுக்கு முன்னால் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்ற மனிதர்கள், வாக்குச்சாவடியில் மாத்திரம் நிமிர்ந்து நின்றதைக் கண்டு ஆட்சியாளர் அஞ்சியதில் வியப்பில்லை. சுதந்திரம் பெற்ற அதே 1948 ஆம் ஆண்டில் டி.எஸ். சேனாநாயக்கவின் அரசாங்கம் நிறைவேற்றிய பிரஜாவுரிமைச் சட்டம் இத்தமிழ்த் தொழிலாளரின் பிரஜாவுரிமையைப் பறித்தது. 1949 ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் அவர்களை வாக்காளர் இடாப்பிலிருந்தும் அகற்றியது. ஒரு தலைமுறைக்கு மேலாக இம்மலைகளில் பிறந்து, உழைத்து, இறந்தவர்களுடைய சந்ததியார் ஒரே கையெழுத்தினால் நாடற்றவர்களானார்கள். அந்த அநீதி தமிழருக்கு இழைக்கப்பட்டது என்று சொல்வது உண்மை. ஆனால் பாதி உண்மை. இடதுசாரி இயக்கத்தின் இயற்கையான அடித்தளமும் அன்றைக்கே வேரோடு பறிக்கப்பட்டது.

சமசமாஜிகள் அச்சட்டத்தைப் பாராளுமன்றத்தில் எதிர்த்தார்கள் என்பதை நன்றியோடு நினைவுகூர வேண்டும். ஆனால் வாக்கில்லாதவர்களுக்காக நெடுங்காலம் வாதாடும் மனவுறுதி அரசியல் கட்சிகளுக்கு அரிது. 1964 ஜூன் மாதத்தில் அதே கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தது, என்.எம். பெரேரா நிதியமைச்சரானார். அவ்வாண்டு அக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்து, 1,50,000 பேரின் விதியைப் பின்னாளைக்கு ஒத்திவைத்தது. எவரிடமும் விருப்பம் கேளாமல் மனிதர்களைப் பங்கிட்ட அந்த அரசாங்கத்திலே தொழிலாளர் கட்சி அங்கம் வகித்தது என்பது, இந்நாட்டு இடதுசாரிகளின் நெஞ்சை என்றும் உறுத்த வேண்டிய சம்பவம்.

1965 இல் றோகண விஜேவீர தோற்றுவித்த மக்கள் விடுதலை முன்னணியோ இன்னும் ஒரு படி விலகிச் சென்றது. அது தன் இளைஞர்களுக்கு நடத்திய வகுப்புகளில் ஒன்று ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ பற்றியது. அதில் தோட்டத் தொழிலாளர் வர்க்கத் தோழர்களாகக் கருதப்படாமல், அந்நிய வல்லரசொன்றின் கருவியாகச் சித்திரிக்கப்பட்டார்கள். 1971 ஏப்ரல் கிளர்ச்சியும், 1987 முதல் 1989 வரை நடந்த இரண்டாவது கிளர்ச்சியும், அவற்றை அடக்கிய அரசின் கொடுமையும் சேர்ந்து பல்லாயிரம் இளைஞர்களைப் பலிகொண்டன. 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் கண்டெடுக்கப்பட்டபோது, அவை அக்காலத்தவை என்றே பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் நம்பின. அவற்றின் காலம் பற்றிய சர்ச்சை தீரவில்லை என்றாலும், அத்தாய்மாரின் துயரத்தில் சர்ச்சைக்கு இடமில்லை. 1982 ஜனாதிபதித் தேர்தலில் விஜேவீர பெற்றது நூற்றுக்கு 4.19. கிராமத்து வாலிபரின் கோபத்தை மாத்திரம் மூலதனமாகக் கொண்டு, லயத்தை எதிரியாக்கி, ஒரு தேசத்தை வெல்ல முடியாது என்ற பாடம் அந்த எண்ணிலேயே அடங்கியிருக்கிறது.

செப்டம்பரும் நவம்பரும்

தேசிய மக்கள் சக்தி இப்பாடத்தைத் தாமதமாகவேனும் கற்றது. 2023 அக்டோபர் 15 ஆம் திகதி வெளியிட்ட ஹட்டன் பிரகடனத்தில், தோட்டங்களில் வாழும் மலையக மக்களின் காணி, வீடு, மொழி, சம்பளம் ஆகிய உரிமைகளைத் தன் கடப்பாடாக ஏற்றது. அதற்கு இரு மாதங்களுக்கு முன்னர்தான், மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை முன்னிட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மூதாதையர் நடந்த பாதையிலே மீண்டும் ஒரு நடைபயணம் நிகழ்ந்திருந்தது.

ஆயினும் 2024 செப்டம்பரில் லயத்து மக்கள் உடனே நம்பிவிடவில்லை. தோட்டங்கள் நிறைந்த நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் முதலிடம் பெற்றவர் சஜித் பிரேமதாச. அனுர குமார திசாநாயக்கவை ஜனாதிபதியாக்கியது பிரதானமாகச் சிங்களக் கிராமமும் நகரமுமே. ஏறத்தாழ எட்டு வாரங்கள் கழிந்து நவம்பர் 14 ஆம் திகதி நடந்த பொதுத் தேர்தலில் காட்சி மாறியது: 225 ஆசனங்களில் 159 தேசிய மக்கள் சக்திக்குக் கிடைத்தன; மாத்தளையில் ஐந்தில் நான்கு; நுவரெலியா அதன் வசமாயிற்று; யாழ்ப்பாண மாவட்டத்திலும் அதுவே முதலிடம் பெற்றது. அம்பிகா சாமுவேலும் கிருஷ்ணன் கலைச்செல்வியும் மலையகப் பெண்களாகப் பாராளுமன்றம் சென்றார்கள். அதற்கு முன் எந்தத் தோட்டத்துப் பெண்ணுக்கும் அந்தப் பாக்கியம் வாய்த்ததில்லை.

இவ்விரு தேர்தல்களையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால் என் அபிப்பிராயம் தெளிவாகும். தொழிலாளர் வர்க்கத்தின் மிக வறிய பகுதியினருடைய ஆதரவில்லாமலேயே ஓர் இடதுசாரி வேட்பாளர் தேசியத் தேர்தலில் வெல்லலாம். செப்டம்பர் அதை நிரூபித்தது. ஆனால் அவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் அவர் இடதுசாரியாக நீடிக்க இயலாது. நவம்பரில் அவர்கள் அளித்தது, எழுபத்தாறு ஆண்டுகளாகத் தமக்குத் தரப்படாதிருந்ததை இனியேனும் தருவீர்கள் என்று எதிர்பார்த்துக் கொடுத்த முன்பணம்.

தீர்க்க வேண்டிய கடன்

அக்கடனை அளப்பதற்குப் பெரிய சூத்திரங்கள் வேண்டா; இரத்தோட்டைக்கு மேலே உள்ள ஒரு லயத்தைக் கிட்ட நின்று பார்த்தால் போதும். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று வெள்ளைக்காரன் கணக்கிட்டுக் கட்டிய காமராவில், பிள்ளைகளும் பெரியவர்களுமாக ஒரு குடும்பம் வாழ்கிறது. வாசலிலே புகைபோக, கூரைத் தகரத்தின் மேல் காற்றுக்குக் கல் வைத்திருக்கிறார்கள். அக்காமராவுக்குத் தனி விலாசம் இல்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கே ஒருவர் நினைத்த நாளில் கைக்குச் சேரும். நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும் கடிதம் பரீட்சை முடிந்தபின் கிடைத்தமையால் உத்தியோகத்தை இழந்த பிள்ளைகளைப் பற்றித் தோட்டங்களில் சாதாரணமாகவே பேசிக்கொள்வார்கள். காணி தோட்டத்துக்குச் சொந்தம். ஆகவே வங்கி கடன் தராது. கண்டி, மாத்தளை மாவட்டங்களில் அரசே நடத்தும் தோட்டங்களிலும் ஊழியர் சேமலாப நிதி நிலுவையாகக் கிடந்து, ஓய்வு பெற்ற முதியவர்கள் காத்திருந்ததை நாடறியும்.

சம்பளத்தில் அசைவு ஏற்பட்டிருக்கிறது. 2024 மே தினத்தில் அப்போதைய அரசாங்கம் அறிவித்த 1,700 ரூபா கம்பனிகளின் எதிர்ப்பினால் நீதிமன்றம் சென்று, கடைசியில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நின்றது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, வருகைக்கான 200 ரூபாவை அரசே வழங்கும் என்று அறிவித்தது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் கைக்கு வரும் பணம் அரிசி விலையோடு கரைந்து போகும், காணி கரைவதில்லை. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியில் மாத்தளை உட்பட மலை மாவட்டங்களெங்கும் மண் சரிந்தபோது, ஆபத்தான சரிவென்று தெரிந்தும் வேறிடத்தில் குடியேற ஒரு துண்டுக் காணியில்லாதவர்கள் அங்கேயே இருந்தார்கள் என்பதை எவரும் மறத்தலாகாது.

பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டுக்கு மேற்பட்ட பலம் உள்ள ஓர் அரசாங்கம், சட்டம் இடம்தரவில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் பத்திரத்தோடு கூடிய பாதுகாப்பான காணி, அக்காணியில் ஒரு வீடு, அவ்வீட்டுக்கு ஒரு விலாசம்: இம்மூன்றையும் சட்டமாக்கிக் காலவரையறையிட்டு நிறைவேற்றினால், 1948 இல் ஒரு கையெழுத்து இழைத்த தீங்கை இன்னொரு கையெழுத்து மாற்றியதாகும். அதைச் செய்யாது ஐந்தாண்டுகளும் கழியுமாயின், இந்த வெற்றி பழைய ஆட்சியாளரின் தோல்வியாக மாத்திரமே சரித்திரத்தில் பதிவாகும். இடதுசாரிகளின் வெற்றி என்று அதனை எழுத எந்த லயத்துப் பிள்ளைக்கும் மனம் வராது.