மழைக்கு முன் எழுத வேண்டிய ஒரு நோட்டு



தின்ஜான் முடிந்த கையோடு வானத்தைப் பார்க்கத் தொடங்குவது நம் ஊர் வழக்கம். மே மாத நடுவில் பிறக்கும் பருவமழை ஐப்பசி வரை விடாது. ரங்கூனில் வருஷத்துக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர், அதாவது நூறு அங்குலத்துக்கு மேல் பெய்கிறது. இவ்வளவு மழையிலே பிறந்து வளர்ந்தவர்களிடம் வெள்ள ஏற்பாடு பற்றிப் பேச்செடுத்தால், "மிங்கலாடோன் மேடு, டாக்டர் ஐயா. தண்ணீர் டலாவுக்கும் லைங்தாயாவுக்கும்தான் போகும்" என்று பெரியவர்கள் சிரிக்கிறார்கள்.

அதில் பாதி உண்மை. பெகு யோமா மலைத்தொடரின் கடைசி முதுகு வடக்கிலிருந்து இறங்கி ஷ்வேடகோன் குன்றில் போய் முடிகிறது. அந்த மேட்டின் அனுகூலம் நமக்கு உண்டு. ஆனால் நகரத்து வெள்ளம் ஆற்றிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. வானத்திலிருந்து நேரே சாக்கடைக்கும் வரும். 2005 ஜூலை 26 அன்று பம்பாயின் தென்கோடியான கொலாபாவில் பெய்தது 73 மில்லிமீட்டர். வடக்கே, நம்மைப் போலவே விமான நிலையத்தை ஒட்டியிருக்கும் சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர். நமக்கு ஒரு வருஷத்தில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு அங்கே ஒரே நாளில்! ஓடுபாதைக்காகத் திருப்பப்பட்டு, கரையெல்லாம் கட்டடங்களால் நெருக்கப்பட்ட மித்தி ஆறு அதைத் தாங்கவில்லை. கடல் ஏற்றமும் அன்று சேர்ந்துகொண்டது. நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின.

இங்கேயே பார்ப்போம். 2024 செப்டம்பரில் யாகி புயலின் மிச்சம் வந்து மூழ்கடித்தது கடலோர ஊரை அல்ல, உள்நாட்டிலிருக்கும் நேப்பிடோவையும் அதன் சுற்று வட்டாரத்தையும்தான்.

நர்கீஸை மறந்தவர் நம்மில் யாருமில்லை. 2008 மே 2, வெள்ளிக்கிழமை மாலை ஐராவதி முகத்துவாரத்தில் கரையேறி, விடிவதற்குள் ரங்கூனைப் பிடித்தது. இறந்தவர்களும் காணாமற் போனவர்களும் சேர்த்து ஏறத்தாழ 1,38,000 பேர். அநேகமாக எல்லோரும் டெல்டாப் பகுதி ஜனங்கள். நகரத்தில் நமக்கு நேர்ந்தது வேறு விதம். மரங்கள் சாய்ந்து வீதிகள் அடைபட்டன. மின்சாரம் பல நாள் இல்லை, ஆகையால் தண்ணீரும் இல்லை. லோகா ஏரி நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இருந்து என்ன, பம்பு ஓடினால்தானே குழாயில் வரும்? வீட்டு ஆழ்குழாய்க் கிணற்றின் கதையும் அதுவே.

நர்கீஸ் வருகிற செய்தியை 48 மணி நேரத்துக்கு முன்பே தெரிவித்ததாக இந்திய வானிலை இலாகா கூறியது. செய்தி இருந்தது, அதை எடுத்துக்கொண்டு குடிசை குடிசையாகப் போய்க் கதவைத் தட்ட ஆள் இருந்திருக்க வேண்டும். இறந்தவர்களில் நூற்றுக்கு 61 பேர் பெண்கள் என்று பின்னர் நடந்த கணக்கெடுப்பு சொல்லிற்று. இந்த எண்ணை அங்கத்தினர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டுகிறேன்.

பக்கத்து வங்காள தேசத்தில் 1970-ல் ஒரே புயலில் மூன்று லட்சம் பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். அதற்குப் பிறகு தொண்டர் படை ஒன்றை அமைத்தார்கள். கிராமத்தானே தொண்டன், கையில் ஒலிபெருக்கி, கொடி, சைரன். ஒரே மழைக்காலத்தில் பலன் கிடைத்துவிடவில்லை. 1991-லும் ஒரு லட்சத்துக்கு மேல் மடிந்தார்கள். புகலிடங்கள் கட்டி, தொண்டர்களைப் பெருக்கி, பெண்களையும் சேர்த்தபின், 2007-ல் வந்த சிட்ர் என்ற கடும்புயலில் இறந்தவர்கள் நாலாயிரத்துக்கும் குறைவு. அதுவும் பெரிய துக்கம்தான், ஆனால் புயல் ஒன்றும் இளைத்து வரவில்லை. எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறாள் என்பது அந்தத் தொண்டனுக்குத் தெரியும்.

நமக்கும் அதுதான் தேவை. உபயகாரர் பெயரும் நட்சத்திரமும் எழுத நம்மிடம் நோட்டு இருக்கிறது. இன்னொரு நோட்டு போடுவோம். வீடு, வீட்டில் எத்தனை பேர், தனியாக இருக்கும் முதியவர் யார், நிறைமாதக் கர்ப்பிணி யார், இன்சுலின் போட்டுக்கொள்பவர் யார், டயாலிஸிஸுக்குப் போகிறவர் யார். ஒவ்வொரு வீட்டுக்கும் நேராக, மழை வலுத்தால் அங்கே போய்ப் பார்க்க வேண்டிய இரண்டு பேர் பெயர். ஒருவர் ஊரில் இல்லாவிட்டால் மற்றவர். வியாதி விவரம் உள்ள அந்த நோட்டு பொதுவில் கிடக்கக் கூடாது. காரியதரிசி பெட்டியில் ஒன்று, மாதர் குழுவிடம் ஒன்று போதும். மாதர் குழு என்று நான் சொல்வது மரியாதைக்காக அல்ல. பகலில் எந்த வீட்டில் யார் இருப்பார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அன்னதான அண்டாக்களும் கூடமும் எப்படியும் இருக்கின்றன. மழைக் காலத்தில் இரண்டு அண்டா நிறையக் காய்ச்சிய தண்ணீரை மூடி வைப்பது பெரிய செலவல்ல.

வைத்தியனாகச் சில வார்த்தை. வெள்ளத்தில் முழுகுவதைவிட அது வடிந்தபின் படுப்பவர்களே எங்களிடம் அதிகம் வருகிறார்கள். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் வெறுங்காலோடு நடப்பதால் எலிக்காய்ச்சல் வரும். காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம். 2018 கேரள வெள்ளத்தின்போது மீட்புப் பணியாளர்களுக்கு வாரம் ஒருமுறை டாக்ஸிசைக்கிளின் கொடுத்தார்கள். அதை டாக்டரைக் கேட்டே சாப்பிட வேண்டும், கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் தாமாகத் தொடக் கூடாது. ஜுரத்தோடு ஆடுசதை வலித்தாலோ கண் சிவந்தாலோ அன்றைக்கே வாருங்கள்.

பேதி கண்டால் காய்ச்சி ஆறின ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, கைப்பிடிக் கணக்கு வேண்டாம். 1971-ல் பங்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹாலனாபிஸ், நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்த நிலையில், சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைச் சொந்தக்காரர்கள் கையாலேயே குடிக்கச் செய்து ஆயிரக்கணக்கான காலரா நோயாளிகளைக் காப்பாற்றினார். பாம்பும் மேட்டைத் தேடித்தான் வரும். கண்ணாடிவிரியன் கடித்தால் இறுகக் கட்டாமல், கீறாமல், கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

வரும் நான்கு வெள்ளிக்கிழமையும் மாலைப் பூஜை முடிந்தபின் அலுவலக அறையில் நோட்டுடன் உட்கார்ந்திருப்பேன். வரும்போது வீட்டில் சாப்பிடும் மருந்துச் சீட்டையும் கொண்டு வாருங்கள். நடக்க முடியாதவர் வீட்டுக்கு மாதர் குழுவினர் வருவார்கள்.